அட்மின் என்று யாரும் இல்லை

போன வாரம் பல்லடம் பக்கம் ஒரு விசைத்தறிக் கம்பெனிக்குப் போயிருந்தேன். ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதை முதலாளி வீட்டிலிருந்தும், பில் போடுகிறவர் வேறு இடத்திலிருந்தும், ஆடிட்டர் ஆபீஸிலிருந்தும் பயன்படுத்த வழி செய்து தர வேண்டும். இதுதான் என் தொழில், சரி என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் முதலாளி சொன்னார்: "எல்லாருக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு வெச்சுருங்க தம்பி. அட்மின்னே இருக்கட்டும். ஆளுக்கொண்ணு வெச்சா அவனவன் மறந்துட்டு உங்களுக்குத்தான் போன் பண்ணுவான்." அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. திருப்பூரைச் சுற்றி நான் பார்க்கிற பத்து ஆபீஸில் ஏழெட்டு அப்படித்தான் இருக்கின்றன. ஆனாலும், "அது மட்டும் முடியாதுங்க" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். நின்றபடியே சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஆறு மெஷின், ஒரு கம்ப்யூட்டர்

திருப்பூரில் 15 வேலம்பாளையம் என்ற பகுதியில் என் தாய்மாமா நிட்டிங் கம்பெனி நடத்துகிறார். ஆறு மெஷின். பார்ட்டி, அதாவது வேலை கொடுக்கிறவர், நூல் அனுப்புவார், மாமா அதைத் துணியாக ஓட்டி ரோல் ரோலாகத் திருப்பி அனுப்புவார், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இந்தத் தொழிலில் பணக் கணக்கைவிட நூல் கணக்குதான் பெரிது. நூல் நம்முடையது இல்லை, பார்ட்டியுடையது. வந்த நூல், போன துணி, கழிவு மூன்றும் கிராம் சுத்தமாக நேராக வேண்டும். அந்தக் கணக்கு முழுவதையும் ஒரு பெண் பார்த்துக்கொண்டார். ஊத்துக்குளியிலிருந்து தினமும் வந்து போவார். கம்பெனியில் எல்லோரும் அவரைத் தங்கச்சி என்று கூப்பிடுவார்கள், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பிறகு பாதி ஆட்களோடு கம்பெனிகள் ஓட ஆரம்பித்தபோது, மெஷின் ஓட்டுகிறவர் வந்தாக வேண்டும், கணக்கு எழுதுகிறவர் வீட்டிலிருந்தே எழுதலாம் என்று ஆயிற்று. தங்கச்சியிடம் தம்பியின் காலேஜ் லேப்டாப் ஒன்று இருந்தது, 2 ஜிபி ராம், பேட்டரி நிற்காது. மாமா வீட்டில் இன்னொரு லேப்டாப். ஆடிட்டர் ஆபீஸிலிருந்தும் மாதத்தில் சில நாள் உள்ளே வந்து பார்க்க வேண்டும். மூன்று பேருக்கும் டேலி என்கிற கணக்கு எழுதும் புரோகிராம் அந்த ஒரு கம்ப்யூட்டரில்தான்.

முதலில் நான் போட்டுக் கொடுத்தது திரையைப் பகிர்கிற ஆப். அவசரத்துக்கு அது போதும் என்று நினைத்தேன். அந்த வகை ஆப்பில் எத்தனை பேர் உள்ளே வந்தாலும் திரை ஒன்றுதான், மவுஸ் அம்பும் ஒன்றுதான். தங்கச்சி ஒரு டிசி (துணியோடு போகிற டெலிவரி சலான்) அடித்துக்கொண்டிருப்பார். நடுவில் அம்பு அவர் கையை விட்டு மெதுவாக மேலே நகரும், வேறு எதையோ திறக்கும். அடித்துக்கொண்டிருந்த எண் பாதி அங்கே, பாதி இங்கே விழும். அந்தப் பக்கம் மாமா, "இதென்ன மவுசு தானா ஓடுது" என்று எனக்கு போன் அடிப்பார். தங்கச்சி போன் அடிக்க மாட்டார். கையை எடுத்துவிட்டு, அம்பு நிற்கும் வரை காத்திருப்பார். முதலாளி பார்க்கிறார் என்று தெரிந்தால் அந்த ஊரில் எந்தப் பெண்ணும் அப்படித்தான் செய்வார். இதை அவர் எனக்குச் சொன்னதே ஒரு வருடம் கழித்துத்தான்.

அப்புறம் விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு மாற்றினேன். இது எவ்வளவோ மேல். புரோகிராம் கம்பெனியில் இருக்கிற கம்ப்யூட்டரிலேயே ஓடும். திரையில் மாறிய பகுதி மட்டும் படமாக இந்தப் பக்கம் வரும், நாம் தட்டுகிற எழுத்தும் மவுஸ் அசைவும் அந்தப் பக்கம் போகும். அதனால் தங்கச்சியின் பழைய லேப்டாப்புக்கு வேலையே இல்லை, செல்போன் டேட்டாவிலேயே ஓடிற்று. சாதாரண விண்டோஸ் ப்ரோ ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே வைத்திருக்கும் (ஹோம் பதிப்பில் வெளியிலிருந்து உள்ளே வரவே வழி இல்லை). அது எனக்குத் தெரியும். நேரம் பிரித்துக்கொள்ளலாம், காலையில் தங்கச்சி, இரவு மாமா என்று சொன்னேன். மூவருக்கும் அட்மின் என்ற ஒரே பெயரைக் கொடுத்தேன்.

அந்த ஒரே பெயர் என்ன செய்யும் என்பதை நான் யோசிக்கவில்லை. ஒரே யூசரில் இரண்டாவது ஆள் உள்ளே வந்தால், முதல் ஆள் வெளியே தள்ளப்படுவார். அதோடு முடியாது. முதல் ஆள் விட்ட இடம் அப்படியே இரண்டாவது ஆளின் கைக்கு வரும். திறந்த டேலி, திறந்த பக்கம், பாதி அடித்த எண், எல்லாம். இன்டர்நெட் அறுந்து போனாலும், ஜன்னலை வெறுமனே மூடிவிட்டுப் போனாலும், உள்ளே செஷன், அதாவது திறந்து வைத்த வேலை, உயிரோடுதான் இருக்கும். கணக்கு நோட்டை மேஜையில் விரித்து வைத்து, பேனா மூடியைக்கூடப் போடாமல் எழுந்து போன மாதிரி.

54 கிலோ

2021 ஆடி மாதம். ஒரு பார்ட்டி மாமாவுக்கு போன் செய்தார். மாமா கம்பெனியிலிருந்து அனுப்பிய ஸ்டேட்மென்ட் கணக்குப்படி தன் நூல் 54 கிலோ மாமாவிடம் மீதி இருப்பதாகக் காட்டுகிறது, அதை அனுப்பி வையுங்கள் என்றார். மாமா குடோனுக்குப் போய்ப் பார்த்தார். அந்தப் பார்ட்டி நூல் ஒரு கோன் கூட இல்லை. 54 கிலோ என்றால் சுமார் ஒரு மூட்டை. ஒரு மூட்டை நூல் கணக்கில் இருக்கிறது, குடோனில் இல்லை என்றால் திருப்பூரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள்.

தேடிப் பார்த்ததில் ஒரு டெலிவரியில் வந்து நின்றது. 21 ரோல். கையெழுத்தான டிசி தாளில் 482.350 கிலோ. கம்ப்யூட்டரில் 428.350. தாளை அடித்ததும் அதே கம்ப்யூட்டர்தான், ஆகவே பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள். யார் மாற்றினார்கள்? டேலியில் அட்மின் என்று இருந்தது. எல்லா இடத்திலும் அட்மின் என்றுதான் இருந்தது.

மாமா திட்டுகிற ஆள் இல்லை. தங்கச்சியை ஆபீஸுக்கு வரச் சொல்லி, "இது எப்படிம்மா ஆச்சு" என்று மட்டும் கேட்டார். நானும் அங்கே இருந்தேன். அவர் தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "நான் 482ன்னுதானுங்க போட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நானில்லீங்ணா" என்றார். அவ்வளவுதான் பேசினார். குடோன் பார்க்கிற பையன் வாசலில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நூல் போனது என்றால் அடுத்து அவனைத்தான் கேட்பார்கள். அந்த அறையில் யார் மேலும் யாரும் பழி சொல்லவில்லை, ஆனால் இரண்டு பேர் பழியைச் சுமந்துகொண்டு நின்றார்கள். அவர்களைக் காப்பாற்ற வேண்டிய தகவலை நான்தான் இல்லாமல் செய்து வைத்திருந்தேன். மூன்று பேருக்கு ஒரு பெயர் கொடுத்தபோது பாஸ்வேர்டு மறக்காது என்றுதான் நினைத்தேன். "நானில்லை" என்று ஒருவர் சொன்னால் அதற்குச் சாட்சி வேண்டும் என்பது தோன்றவில்லை.

அன்று ராத்திரி நான் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு விஷயம் கைகொடுத்தது. ஒன்று, தினமும் இரவு 8 மணிக்கு டேலி டேட்டாவைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுக்கும்படி வைத்திருந்தேன். ஒவ்வொரு நாள் நகலாகத் திறந்து பார்த்தேன். ஒரு புதன்கிழமை நகலில் 482.350 இருந்தது. வியாழக்கிழமை நகலில் 428.350. ஆக, புதன் இரவு எட்டுக்கும் வியாழன் இரவு எட்டுக்கும் நடுவில் நடந்திருக்கிறது. இரண்டாவது, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான கதவை நான் இன்டர்நெட்டில் நேராகத் திறந்து வைக்கவில்லை. விபிஎன் என்கிற பூட்டிய தனிப் பாதை வழியாகத்தான் வர வேண்டும், ஒவ்வொரு லேப்டாப்புக்கும் தனி முகவரி. விண்டோஸ் ஈவென்ட் வியூவரில் டெர்மினல் சர்வீசஸ் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. புதிதாக உள்ளே வந்தால் 21, தொடர்பு அறுந்தால் 24, விட்ட செஷனுக்குத் திரும்பி வந்தால் 25 என்று எண் போட்டு, எந்த முகவரியிலிருந்து என்றும் எழுதி வைக்கும். பெயர் எல்லா வரியிலும் அட்மின்தான். முகவரி மட்டும் வேறு வேறு.

புதன் மாலை தங்கச்சியின் லேப்டாப் முகவரியில் ஒரு 24. அன்றைக்கு ஊத்துக்குளியில் கரண்ட் போயிருக்கிறது. பார்ட்டி போனில் கேட்ட சந்தேகத்துக்காக அந்த டிசியைத் திறந்து வைத்திருந்தபோதே அறுந்து போயிருக்கிறது. இரவு 9.40க்கு ஒரு 25. மாமா வீட்டு லேப்டாப். மறுநாள் தங்கச்சி விடுப்பு, எட்டு மணி வரை வேறு யாரும் உள்ளே வரவில்லை.

காலையில் மாமாவிடம் அந்த இரண்டு வரியைக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு நினைவு வந்து அவரே சொன்னார். உள்ளே வந்ததும் ஏதோ டிசி திறந்தபடி கிடந்தது, எடை மேல் கை பட்டு அழிந்துவிட்டது, தாள் கையில் இல்லை, மனதில் இருந்த எண்ணைத் திருப்பி அடித்து எண்டர் தட்டிவிட்டேன் என்றார். 482ஐ 428 ஆக நினைவு வைத்திருக்கிறார், யாருக்கும் வருவதுதான். சாயங்காலம் ஷிப்டு மாறுகிற நேரத்தில், ஆள் எல்லாம் இருக்கும்போதே, தங்கச்சியையும் குடோன் பையனையும் கூப்பிட்டு, "அது நான் பண்ணுன வேலை கண்ணு. உங்க ரெண்டு பேரையும் வெறுமனே நிக்க வெச்சுட்டேன்" என்றார். மாமாவை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். அன்றுபோல் அவர் மேல் எனக்கு மதிப்பு வந்ததில்லை.

கிணறும் மோட்டாரும்

இதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்ட ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்த முடியும் என்று 1961இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பெர்னான்டோ கார்பட்டோ குழுவினர் செய்து காட்டினார்கள். அந்த அமைப்புக்கு சிடிஎஸ்எஸ் என்று பெயர். ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்கிற பழக்கம் கம்ப்யூட்டர் உலகத்தில் அங்கிருந்துதான் பரவியது என்பார்கள். 1960களின் நடுவில் ஒரு நாள் மதியம், உள்ளே வந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டு பட்டியலும் அச்சாகி வந்ததாம். காரணம் இதுதான்: நிர்வாகம் பார்த்தவர்கள் இரண்டு பேர் ஒரே இடத்தைப் பங்கு போட்டு வேலை செய்தார்கள். திருத்துகிற புரோகிராம் ஒரு இடத்தில் ஒரே ஆள்தான் இருப்பார் என்று நம்பி, தற்காலிகக் கோப்புக்கு ஒரே பெயரை வைத்தது. ஒருவர் அறிவிப்பைத் திருத்த, இன்னொருவர் பாஸ்வேர்டு கோப்பைத் திருத்த, இரண்டும் மாறிப் போயின. கார்பட்டோ கம்ப்யூட்டர் துறையின் பெரிய விருதான டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையிலேயே இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். எங்கள் 54 கிலோவும் அதே ஜாதிதான். ஒரு இடத்தில் ஒரு ஆள் என்று இயந்திரம் நம்புகிறது. நாம் மூன்று பேர் உட்கார்ந்துகொள்கிறோம்.

மாமாவுக்கு இதை நான் விளக்கியபோது அவர் உடனே தன் தோட்டத்துக் கிணற்றுக்குப் போய்விட்டார். காங்கேயம் பக்கம் நான்கு பங்காளிகளுக்குப் பொதுவான கிணறு. முதலில் ஒரே மோட்டார், ஆளுக்கு ஒரு நாள் முறை. பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலிலேயே நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள், அந்தப் பக்கத்தில் முறை என்பது புதிதில்லை. மோட்டார் ரூமில் ஒரு நோட்டு தொங்குமாம், போட்டது யார், எத்தனை மணிக்கு, நிறுத்தியது எத்தனை மணிக்கு என்று எழுத வேண்டும். "அந்த நோட்டுல எங்க அப்பாரு ஒரு நாள் கூட 'குடும்பம்'னு எழுதுனதில்ல மாப்ளே. பேரைத்தான் எழுதுவாங்க" என்றார். பிறகு வசதி வந்து ஆளுக்கொரு மோட்டார், ஆளுக்கொரு பைப் போட்டுக்கொண்டார்கள். கிணறு ஒன்றுதான்.

நாங்கள் செய்ததும் அதுதான். விண்டோஸ் சர்வர் வாங்கி, ஆள் கணக்குக்கு லைசென்ஸ் எடுத்து, நான்கு பெயர் வைத்தேன். மாமா, தங்கச்சி, ஆடிட்டர் ஆபீஸ் ஆள், நான். இப்போது நான்கு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே இருக்கலாம், ஒருவர் திரை இன்னொருவருக்குத் தெரியாது, யாரும் யாரையும் தள்ள மாட்டார்கள். டேலியும் ஒரு ஆளுக்கான சில்வரிலிருந்து பல பேருக்கான கோல்டுக்கு மாற வேண்டியிருந்தது. உள்ளேயும் தனித்தனிப் பெயர், யார் எதைத் திருத்தினார்கள் என்கிற பதிவையும் போட்டு வைத்தேன். பதிவு பெற்ற கம்பெனிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் அந்தத் திருத்தப் பதிவு கட்டாயம். மாமாவைப் போலத் தனி ஆள் நடத்துகிற தொழிலுக்குக் கட்டாயம் இல்லை, நாங்களாகவே வைத்துக்கொண்டோம்.

செலவு உண்டு, மறைக்கவில்லை. அதற்குப் பயந்து பலர் குறுக்குவழி கேட்பார்கள். சாதாரண விண்டோஸிலேயே ஒரு கோப்பை மாற்றி எழுதிப் பல பேரை உள்ளே விடுகிற வித்தை இருக்கிறது. நான் செய்து தருவதில்லை. லைசென்ஸ் ஒப்பந்தத்துக்கு விரோதம், அதோடு அடுத்த அப்டேட்டில் அது உடைந்துபோகும், உடைகிற நாள் பெரும்பாலும் ஜிஎஸ்டி தாக்கலுக்கான 11ஆம் தேதியோ 20ஆம் தேதியோவாகத்தான் இருக்கும். அதைவிட மோசம், ரவுட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப்புக்கான கதவை, இன்டர்நெட்டுக்கு நேராகத் திறந்து விட்டுவிட்டுப் போவது. 2019 மே மாதம் ப்ளூகீப் என்ற ஓட்டை வெளியே வந்தபோது, பாஸ்வேர்டே தெரியாமல் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வர முடியும் என்று தெரிந்தது. அதை அடைக்கப் பழைய விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாப்ட் பேட்ச் விட வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்த ஒரு ஆபீஸில் ஒரு திங்கட்கிழமை காலை எல்லாக் கோப்பும் பூட்டிக் கிடந்தது, பணம் கேட்டு ஒரு தாள் திரையில். அவர்களிடம் நகல் இல்லை. விபிஎன் போட்டுக்கொள்ளுங்கள். இதை யாரிடமும் சொல்லாமல் நான் எழுந்து வருவதில்லை.

பல பேர் ஒரு இயந்திரத்தில் இருப்பதற்கென்று சில சிரமம் தனியாக வரும். டேலி மட்டும் என்றால் நான்கு பேர் இருப்பது இயந்திரத்துக்குத் தெரியவே தெரியாது. ஆளுக்கு இருபது டேப் பிரவுசரில் திறந்தால் நான்கு மோட்டாரும் ஒன்றாக இறைத்த மாதிரி தண்ணீர் கீழே போய்விடும். பிரிண்டர் இன்னொரு தொல்லை. வீட்டிலிருந்து பிரிண்ட் கொடுத்தால் வீட்டு பிரிண்டரிலும் அடிக்கலாம், கம்பெனி டாட் மேட்ரிக்ஸிலும் அடிக்கலாம். எது முன்னால் நிற்கிறது என்று பார்க்காமல் தட்டிவிட்டால், இரவு பத்து மணிக்கு ஆளில்லாத ஆபீஸில் டாட் மேட்ரிக்ஸ் கரகரவென்று ஓடும். நைட் ஷிப்டு ஆள் ஒருமுறை பயந்துபோய், "ண்ணா, பிரிண்டர் தானா அடிக்குதுங்" என்று எனக்கு போன் செய்தார். வேலை முடிந்தால் மூலையில் இருக்கிற பெருக்கல் குறியை அழுத்திவிட்டுப் போகாமல் சைன் அவுட் செய்ய வேண்டும் என்று நான்கு பேருக்கும் தாளில் எழுதி ஒட்டிக் கொடுத்தேன். ஒட்டிய தாள் மூன்று வீட்டில் இன்னும் இருக்கிறது.

தங்கச்சிக்குப் போன வைகாசியில் கல்யாணம். தாராபுரம் போய்விட்டார். அவருக்குப் பதில் ஒரு தம்பி வந்திருக்கிறான். மாமா போனில், "அந்தப் புள்ள பேருலயே குடுத்துரு மாப்ளே, எதுக்குப் புதுசா" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நடுவிலேயே நிறுத்திக்கொண்டு, "வேண்டாம், வேண்டாம், நீ வா" என்றார். போனேன். தங்கச்சியின் யூசரைப் பூட்டினேன், அழிக்கவில்லை. அவர் போட்ட டிசி எல்லாவற்றிலும் அவர் பெயர் இருக்கிறது. தம்பிக்குப் புதிதாக ஒரு பெயர் வைத்து, பாஸ்வேர்டை நீயே போடு என்று கீபோர்டை அவன் பக்கம் தள்ளினேன். என்ன போடலாம் என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற மாமா, யாரும் சொல்லாமலே, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.